கம்ப்யூட்டர் வாங்கும்போது எதை இப்போது வாங்குவது, எதைப் பிறகு சேர்ப்பது?

பிளஸ் டூ முடிவு வந்து, கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டால் நம் வீடுகளில் அடுத்து எழும் பேச்சு கம்ப்யூட்டர்தான். இந்த ஆண்டு எங்கள் தெருவில் ஒரு வீட்டுப் பிள்ளை பி.எஸ்ஸி. கணினி அறிவியலில் சேர்ந்தது. தகப்பனார் சவூதியில் வேலை பார்க்கிறார். கடையில் வாங்கிய கொட்டேஷனைப் பிள்ளையின் உம்மா வாட்ஸ்அப்பில் அனுப்பி, "ஹஜ்ரத், இது சரியான விலைதானான்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்டிருந்தார். நான் மதரஸாவில் ஓதியவன்; கல்லூரியில் படித்தது வரலாறு. ஆனாலும் மதரஸா அலுவலகக் கம்ப்யூட்டர்களைப் பல வருடங்களாகப் பிரித்துப் பூட்டி வருவதால், இப்படிக் கேட்டு வருபவர்கள் உண்டு.

கொட்டேஷனில் இருந்தது இதுதான்: கோர் ஐ7 ப்ராசஸர், 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 2 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, கலர் விளக்கு எரியும் கேபினட். விலையோ மிகக் குறைவு. ஆனால் எந்தப் பொருளுக்கும் மாடல் எண் இல்லை. கடைக்குப் போன் செய்து கேட்டபோது, "ஐ7-2600 பாய், எச்61 போர்டு, நல்லா ஓடும்" என்றார்கள்.

ஐ7-2600 வெளிவந்தது 2011 ஜனவரியில். அந்தப் பிள்ளை அப்போது நடை பழகிக்கொண்டிருந்திருக்கும்!

ஐ3, ஐ5, ஐ7 என்பவை தரத்தின் பெயர்கள் மட்டுமே. அதற்குப் பின்னால் வரும் எண்ணின் தொடக்கம்தான் அது எந்தத் தலைமுறை என்பதைக் காட்டும். 2600 என்றால் இரண்டாம் தலைமுறை, 12400 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. 2022-ல் வந்த ஐ3-12100, பழைய ஐ7-2600ஐ வேகத்தில் எளிதாக முந்திவிடும். போதாததற்கு, விண்டோஸ் 11 முறைப்படி இயங்க, இன்டெலில் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும்; டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்துவிட்டது. எச்61 போர்டுகளைப் புதிதாகத் தயாரித்தும் விற்கிறார்கள் என்பதால், பெட்டி பிரிக்காத புதுப் போர்டில் எங்கோ கழற்றிய பழைய ப்ராசஸரைப் பொருத்தி, 'புதிய ஐ7' என்று கொடுத்துவிட முடிகிறது. ஆகவே மாடல் எண் எழுதாத கொட்டேஷனை வைத்து விலை பேசவே பேசாதீர்கள்.

அடுத்து, பணத்தை எங்கே போடுவது? ஃபிரிட்ஜைப் போல டெஸ்க்டாப் ஒரே பொருள் அல்ல. அதில் சில பாகங்களைப் பிறகு ஐந்து நிமிடத்தில் சேர்த்துவிடலாம். ரேம், இரண்டாவது எஸ்எஸ்டி, கிராஃபிக்ஸ் கார்டு ஆகியவை இந்த வகை. மதர்போர்டை மாற்ற வேண்டுமென்றால் முழுவதையும் பிரிக்க வேண்டும். எஸ்எம்பிஎஸ் மட்டமானதாக இருந்தால் மற்ற பாகங்கள் எல்லாவற்றுக்கும் ஆபத்து. நம் குடும்பங்கள் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கின்றன. கண்ணுக்குத் தெரியும் ரேம் எண்ணுக்கும் விளக்குக்கும் பணம் போகிறது. போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் கடைக்காரர் கையில் எது இருக்கிறதோ அது. நான் சொல்வது இதற்கு நேர் எதிர்: மாற்ற முடியாததை இப்போதே நல்லதாக வாங்குங்கள், சேர்க்கக்கூடியதற்கு இடத்தை மட்டும் விட்டு வையுங்கள்.

மதர்போர்டில் பார்க்க வேண்டியவை

ப்ராசஸர் உட்காரும் இடத்தை சாக்கெட் என்கிறார்கள். எதிர்காலத்தில் எந்த ப்ராசஸரை மாட்ட முடியும் என்பதை முதலில் தீர்மானிப்பது அதுதான். ஏஎம்டி நிறுவனம் 2017-ல் ரைசன் ப்ராசஸர்களைக் கொண்டுவந்தபோது பயன்படுத்திய ஏஎம்4 சாக்கெட்டைப் பல ஆண்டுகள் மாற்றவில்லை. அன்று போர்டு வாங்கிய பலர் பயாஸை மட்டும் புதுப்பித்துவிட்டு, பின்னாளில் வந்த ரைசன் 5000 வரிசையை அதே போர்டில் மாட்டிக்கொண்டார்கள். 2022-ல் வந்த ஏஎம்5 சாக்கெட்டும் அதே போன்ற நீண்ட வழிதான். ஆனால் அதில் டிடிஆர்5 ரேம் மட்டுமே போடலாம். ஆரம்பச் செலவு பொதுவாகச் சற்று அதிகம். இன்டெலின் எல்ஜிஏ1700 சாக்கெட் 12, 13, 14 ஆகிய மூன்று தலைமுறைகளை ஏற்கும். அதற்குப் பிறகு 2024-ல் வேறு சாக்கெட் வந்துவிட்டது. இதனால் எல்ஜிஏ1700 வீணாகிவிடவில்லை. இன்று ஐ3 அல்லது ஐ5 போட்டு, நான்கு ஆண்டு கழித்து அதே போர்டில் ஒரு ஐ7-க்கு மாறலாம். அதற்கு மேல் போக முடியாது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

ரேம் இடங்களையும் எண்ணிப் பாருங்கள். எச்610 போன்ற மலிவு வகைப் போர்டுகளில் பெரும்பாலும் இரண்டு இடம்தான் இருக்கும். அதில் கடைக்காரர் இரண்டு 8 ஜிபி துண்டுகளைப் போட்டுக் கொடுத்துவிட்டால், நாளை 32 ஜிபி ஆக்க விரும்பும்போது இரண்டையும் கழற்றி எறிய வேண்டிவரும். இரண்டு துண்டாகப் போட்டால் கொஞ்சம் வேகம் கூடும் என்பது உண்மையே. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் அந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். ஆனாலும் பின்னால் கூட்டும் எண்ணம் இருப்பவர்கள் ஒரே 16 ஜிபி துண்டு போட்டுவிட்டு, மற்ற இடத்தைக் காலியாக வைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. டிடிஆர்4 போர்டில் டிடிஆர்5 ரேம் நுழையாது. ஊசிகளின் எண்ணிக்கை இரண்டிலும் 288 என்றாலும் நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும்.

எஸ்எம்பிஎஸ்

கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் இந்தப் பெட்டியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நாங்களும் கேட்கவில்லை. மதரஸா அலுவலகத்துக்கு வாங்கிய கம்ப்யூட்டரில் கேபினட்டோடு சேர்ந்தே வந்த எஸ்எம்பிஎஸ்தான் இருந்தது. மேலே '450 வாட்ஸ்' என்று ஸ்டிக்கர். ஒரு கோடைக்கால மதியம் கரண்ட் போய்த் திரும்பி வந்தபோது 'டப்' என்று ஒரு சத்தம், கருகிய வாடை. எஸ்எம்பிஎஸ் தனியாகப் போகவில்லை. மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போனது. மாணவர் பதிவுகளும் சந்தாக் கணக்கும் அதில்தான் இருந்தன. வேறு பிரதி எடுத்து வைக்காதது எங்கள் தவறு. நோட்டுகளையும் ரசீதுகளையும் பார்த்து மறுபடி டைப் செய்து முடிக்க இரண்டு மாதம் ஆனது.

பிறகுதான் அந்த ஸ்டிக்கரை ஒழுங்காகப் படித்தேன். ப்ராசஸருக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் போவது 12 வோல்ட் மின்சாரம். அந்தக் கட்டத்தில் 18 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தது. 12-ஐ 18-ஆல் பெருக்கினால் 216 வாட்ஸ்தான். 450 என்பது காகிதத்தில் மட்டும். நீங்களும் கடையிலேயே நின்று இந்தப் பெருக்கலைப் போட்டுப் பாருங்கள். தரமான 550 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸில் விடை 500-க்கு மேல் வரும். '80 பிளஸ்' முத்திரை மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதைக் காட்டுவது. பாதுகாப்புக்கான சான்று அல்ல. ஆயினும் அந்தப் பரிசோதனைக்குப் பொருளைத் தந்த நிறுவனம் ஓரளவு ஒழுங்காகச் செய்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். பிரான்ஸ் நிலை வீட்டுக்குப் போதும். நாளை கிராஃபிக்ஸ் கார்டு சேர்க்கும் எண்ணமிருந்தால், அதற்கான 8 ஊசி இணைப்பு இருக்கிறதா என்று இப்போதே கேளுங்கள். சுவரில் எர்த் இணைப்பு சரியாக இருக்க வேண்டும் என்பதை எலக்ட்ரீஷியனிடம் சொல்லிப் பார்த்துக்கொள்வதும் இதில் சேர்ந்ததுதான்.

ப்ராசஸரில் ஒரு எழுத்தைக் கவனிக்க வேண்டும். இன்டெலில் எண்ணின் கடைசியில் 'எஃப்' இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. ஐ5-12400 தனியாகவே திரைக்குப் படம் தரும். ஐ5-12400எஃப் வாங்கினால் கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் வராது. பழைய தலைமுறை 2 ஜிபி கார்டைத் தலையில் கட்டுவதற்கு இதுவும் ஒரு வழி. புரோகிராமிங், டாலி, எக்செல், ஆன்லைன் வகுப்பு, இவற்றுக்குத் தனிக் கார்டே தேவையில்லை. எஸ்எஸ்டியில் என்விஎம்இ வகையைக் கேளுங்கள், 500 ஜிபி போதும், வேறு யோசனை வேண்டாம்.

வட்டிக் கடனைத் தவிர்க்கும் குடும்பங்களுக்கு இந்தக் கட்டம் கட்டமாக வாங்கும் முறை இன்னொரு விதத்திலும் உதவும். 'ஜீரோ வட்டி இஎம்ஐ' என்று கடைகளில் சொல்கிறார்கள். பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது, வட்டி வேறு கட்டணத்துக்குள் மறைந்திருக்கிறது என்று ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது. ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடியை விட்டுக்கொடுத்து, மேலே பிராசஸிங் கட்டணமும் கட்டுவதைவிட, கையில் உள்ள பணத்துக்கு அடித்தளத்தை வாங்கிவிட்டு, மிச்சத்தை அடுத்த ஆண்டு சேமிப்பில் சேர்க்கலாம். பின்னால் வாங்கினால் எல்லாமே மலிவாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். 2025 இறுதியில் ஏஐ டேட்டா சென்டர்களின் தேவையால் ரேம் விலை கடுமையாக ஏறியது. அந்த மாதிரி நேரத்தில் கம்ப்யூட்டர் படிப்பவருக்கு 16 ஜிபிக்குக் குறையாமல் முதலிலேயே போட்டுவிட்டு, 32 ஆக்குவதை விலை இறங்கும்வரை தள்ளிவைக்கலாம்.

"நான் வரும்போது இங்கேயிருந்து கார்டு கொண்டு வரட்டுமா ஹஜ்ரத்?" என்று அந்தத் தகப்பனார் சவூதியிலிருந்து போனில் கேட்டார். விலை குறைவாக இருந்தால் ப்ராசஸரைக் கொண்டு வரலாம். சின்னப் பொருள், அபூர்வமாகத்தான் பழுதாகும். கிராஃபிக்ஸ் கார்டு, எஸ்எம்பிஎஸ் ஆகியவற்றுக்குப் பல நிறுவனங்களின் வாரண்டி வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். பழுதானால் யாராவது விடுமுறை முடிந்து திரும்பும்போது கொடுத்தனுப்ப வேண்டியதுதான். எனவே அவற்றை இங்கேயே, ஜிஎஸ்டி பில்லோடு, ஒவ்வொரு பொருளின் சீரியல் எண்ணும் பில்லில் எழுதி வாங்குங்கள். விண்டோஸ் உரிமத்தின் விலையும் கணக்கில் வரட்டும். கடையில் போட்டுத்தரும் திருட்டுப் பிரதி வேண்டாம். உபுண்டு போன்ற லினக்ஸ் இலவசமாகக் கிடைக்கிறது, கணினி அறிவியல் மாணவருக்கு அது பாடத்துக்கும் உதவும்.

அந்தக் கொட்டேஷனை மாற்றி எழுதி வேறு கடையில் வாங்கினோம். ஐ5-12400, நான்கு ரேம் இடங்கள் உள்ள பி760 போர்டு, 16 ஜிபி ஒரே துண்டு, 500 ஜிபி என்விஎம்இ, பிரான்ஸ் நிலை 550 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ், விளக்கில்லாத கேபினட். முதல் கொட்டேஷனைவிடச் செலவு கூடியது. அதனால் மானிட்டர் இப்போதைக்கு வேண்டாம் என்று வீட்டு டிவியின் எச்டிஎம்ஐ இணைப்பிலேயே மாட்டியிருக்கிறார்கள். வாப்பா விடுமுறையில் வரும்போது மானிட்டர் வாங்குவதாகப் பேச்சு. கலர் விளக்கு இல்லாததில் பிள்ளைக்குக் கொஞ்சம் வருத்தம்தான். மூன்றாம் ஆண்டில் செயற்கை நுண்ணறிவுப் பாடம் எடுத்தால் என்விடியா கார்டு ஒன்று தேவைப்படலாம், வெப் டிசைனிங் பக்கம் போனால் தேவைப்படாது. அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று எஸ்எம்பிஎஸ் பெட்டியில் மிஞ்சிய வயர்களைப் பையில் போட்டு, மேலே பெயர் எழுதி பீரோவில் வைத்திருக்கிறார்கள். வேறு நிறுவன வயரை அதில் மாட்டினால் பாகங்கள் எரிந்துவிடக்கூடும் என்பதால், அந்தப் பையைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது என்று உம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.