மடியில் ஒரு பேனாக்கத்தி

பையோடு வந்தவை – 14

தாத்தாவின் வேட்டி மடியில் எப்போதும் மூன்று பொருள்கள் இருக்கும். சுண்ணாம்பு டப்பி, சில்லறை முடிந்த துணி, ஒரு பேனாக்கத்தி. முதல் இரண்டையும் யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். மூன்றாவதை அவராகக் கொடுத்தால்தான் உண்டு. கொடுக்கும்போதும் கையில் கொடுக்க மாட்டார். மடக்கித் திண்ணையில் வைப்பார், நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

திருவாரூர்ப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் அவர் கணக்குப்பிள்ளை. காலையில் பேரேட்டைப் பிரிப்பதற்கு முன் பென்சில் சீவ அந்தக் கத்தி. பகலில் மூட்டைத் தையலின் சணலை அறுக்க அதே கத்தி. மாலையில் வேட்டி நுனியால் துடைத்துவிட்டுக் கொய்யாப்பழத்தை நாலாக வகிர்ந்து பேரப்பிள்ளைகளுக்குக் கொடுப்பதும் அதனால்தான்.

எனக்கு ஒன்பது வயதானபோது முதல்முறையாக எனக்காக அதைத் திண்ணையில் வைத்தார். பென்சில் சீவத் தொடங்கிய ஐந்தாவது நிமிடத்தில் கட்டைவிரலை அறுத்துக்கொண்டேன். பாட்டி மஞ்சள்தூளை அப்பிவிட்டுத் தாத்தாவைப் பிடித்துக்கொண்டாள். "பச்சப் புள்ள கையில கத்தியக் குடுப்பாங்களா?" அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை அதே நேரத்துக்குக் கத்தியை மடக்கி அதே இடத்தில் வைத்தார்.

"நேத்து எங்க தப்புப் பண்ணினே? அதச் சொல்லிட்டு எடு."

"என் பக்கமா இழுத்தேன் தாத்தா."

"வெளிப்பக்கமாத் தள்ளு. பென்சிலப் புடிச்ச கையோட கட்டவிரல கத்தி முதுகுல வெச்சுத் தள்ளினாப் போதும்."

அந்த இரண்டாவது காலைதான் இந்த வாரக் கட்டுரைக்குக் காரணம். இன்று என்னிடம் 31 மடக்குக் கத்திகள் இருக்கின்றன. தினமும் ஒன்று சட்டைப் பையிலோ கால்சட்டைப் பையிலோ என்னோடு வரும். சேகரிப்பு எங்கே தொடங்கியது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது அந்தத் திண்ணையைத்தான்.

பேனாக்கத்தி என்ற பெயரையே கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். ஐரோப்பாவில் வாத்து இறகைச் சீவிப் பேனாவாக்கி எழுதிய காலத்தில், எழுத எழுத இறகின் முனை மழுங்கும். அதைத் திரும்பத் திரும்பச் சீவ எழுத்தர்கள் ஒரு சின்னக் கத்தியை உடன் வைத்திருந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் எஃகு நிப்புகள் வந்து இறகைத் துரத்திவிட்டன. கத்தி மட்டும் பழைய பெயரோடு தங்கிவிட்டது. அந்தப் பெயரைத்தான் நாம் தமிழாக்கிக்கொண்டோம்.

ஆனால் எழுதுகிறவன் மடக்குக் கத்தியோடு நடமாடுவது நமக்கு வெள்ளைக்காரன் வந்து சொல்லித்தர வேண்டிய சங்கதி அல்ல. ஓலையில் எழுதிய நாட்களில் மடக்கெழுத்தாணி என்று ஒன்று இருந்தது. மரத்திலோ தந்தத்திலோ கொம்பிலோ ஒரு பிடி. அதன் ஒரு பக்கத்தில் எழுத்தாணி, மறுபக்கத்தில் ஓலை வாரும் கத்தி, இரண்டையும் பிடிக்குள் மடக்கி வைத்துக்கொள்ளலாம். உ.வே. சாமிநாதையர் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். மடக்குக் கத்தியின் உலக வரலாறு எழுதப்படும்போதெல்லாம் இந்த ஒன்று விட்டுப்போவது எனக்குத் தீராத வருத்தம்.

தாத்தாவின் கத்தி இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்தது. அலகின் அடியில் ஒரு நட்சத்திரமும் ஒரு சிலுவையும் தேய்ந்துபோய்த் தெரியும். அது ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனத்தின் முத்திரை. அந்த நிறுவனம் 1851-ஆம் ஆண்டு லண்டன் பெருங்கண்காட்சிக்கென்று 75 அலகுகள் கொண்ட ஒரு கத்தியைச் செய்து காட்டியது. பார்க்க வேண்டிய அற்புதம்தான். ஆனால் எந்தப் பையிலும் நுழையாது. எனக்கு அவர்கள் செய்த பெரிய வேலையாகத் தெரிவது, ஓர் ஆலைக் கணக்குப்பிள்ளை நாற்பது ஆண்டு பிடித்துத் தேய்த்த பிறகும் இன்றுவரை நேராக மூடுகிற அந்தச் சின்ன ஒற்றை அலகுதான்.

இந்த வகைக் கத்தியில் பூட்டு கிடையாது. பிடியின் முதுகு நெடுக ஓர் எஃகுப் பட்டை ஓடும். அதுதான் ஸ்பிரிங். அலகின் அடிக்கட்டையைச் சதுரமாக வெட்டியிருப்பார்கள். திறந்தாலும் மூடினாலும் அந்தச் சதுரத்தின் ஒரு பக்கத்தில் பட்டை அழுந்தி உட்காரும், அலகு அசையாது நிற்கும். நல்ல கத்தியைத் திறக்கும்போது முதலில் கொஞ்சம் முரண்டு, பிறகு வழுக்கல், கடைசியில் 'டக்' என்று ஓர் ஓசை. சேகரிப்பவர்கள் இதை நடை, பேச்சு என்று இரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள். அலகு நகரும் விதம் நடை, உட்காரும்போது எழும் ஓசை பேச்சு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் தாத்தா கத்தியின் பேச்சை மற்ற 30-லிருந்து பிரித்துச் சொல்லிவிடுவேன்.

பழைய ஷெஃபீல்டுக் கத்திகளின் பிடிகளில் நம் காட்டுக்கும் பங்கு உண்டு. இந்தியக் கடமான் கொம்பு கெட்டியானது, மேல்தோல் கரடுமுரடாகக் கைக்கு நன்றாகப் பிடிபடும். ஷெஃபீல்டும் ஜெர்மனியின் சோலிங்கனும் அதை இங்கிருந்து வாங்கிக் குவித்தன. இப்போது அந்த ஏற்றுமதிக்குத் தடை. சேகரிக்க விரும்புகிறவர்களுக்கு இதில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. மான்கொம்புப் பிடி, தந்தப் பிடி போட்ட கத்தியை நம் நாட்டில் வாங்குவதும் விற்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சிக்க வைக்கும். பழைய சாமான் கடையில் எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் கீழே வைத்துவிடுங்கள்.

தாத்தாவின் கத்தியை நான் பையில் வைத்துச் சுற்றுவதில்லை. அலகு ஏற்கெனவே பாதியாகத் தேய்ந்துவிட்டது. தினமும் என்னோடு வருவது பெரும்பாலும் ஓர் ஓப்பினல், எட்டாம் நம்பர்.

பிரான்சின் ஆல்ப்ஸ் மலைப்பகுதி சவோய். அங்கே கோடரியும் வெட்டரிவாளும் அடித்த ஒரு கொல்லரின் மகன் ஜோசப் ஓப்பினல். 1890-ல், அவருக்கு 18 வயது, ஓய்வு நேரத்தில் நண்பர்களுக்காக ஒரு மடக்குக் கத்தி செய்தார். மலைக் குடியானவன் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் அறுக்க, குச்சி சீவ. அவ்வளவுதான் நோக்கம். 1897-ல் 1 முதல் 12 வரை எண் போட்டு அளவுவாரியாக விற்றார். ஒன்றும் பதினொன்றும் பின்னாளில் நின்றுபோயின. 1909-ல் பதிந்த முத்திரை, ஆசி கூறும் ஒரு கை, அதன் மேல் ஒரு கிரீடம். அருகிலுள்ள சான்-ழான்-த-மோரியன் நகரின் தேவாலயத்தில் திருமுழுக்கு யோவானின் விரல் எலும்புகள் என்று போற்றிக் காக்கப்படுவனவற்றை நினைவூட்டுவது கை. சவோய் ஒரு காலத்தில் தனிப் பிரபுநாடாக இருந்ததைச் சொல்வது கிரீடம். 1955-ல் மார்செல் ஓப்பினல் ஒரு சுழல் வளையத்தைச் சேர்த்தார். திறந்த பின் வளையத்தைத் திருகினால் அலகு விரல்மேல் மடங்காது.

இன்றும் அது ஐந்தே பாகங்கள்தான். அலகு, மரப்பிடி, ஒரு ஆணி, இரண்டு வளையங்கள். ஸ்பிரிங்கே இல்லை. மரம் ஈரத்தில் ஊதி அலகை இறுக்கிக்கொண்டால் அதற்கும் சவோய்க்காரர்கள் வழி வைத்திருக்கிறார்கள். பிடியின் அடிமுனையை ஒரு கல்லில் தட்டினால் அலகு நகம் நுழையும் அளவுக்கு வெளியே எட்டிப் பார்க்கும். 1989-ல் லாரூஸ் அகராதி 'ஓப்பினல்' என்பதைப் பொதுச்சொல்லாகவே ஏற்றுக்கொண்டது.

எவர்சில்வர் அலகிலும் அது கிடைக்கிறது. நான் வைத்திருப்பது கரிம எஃகு. அதற்குக் காரணம் எங்கள் வீட்டு அரிவாள்மணை. வாழைக்காய் நறுக்கி நறுக்கி நீலமும் கறுப்புமாக மாறிய அந்த அலகை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கரிம எஃகுக் கத்தியும் அப்படித்தான். முதல் வாரம் கண்ணாடிபோலப் பளபளக்கும். ஒரு மாங்காய், இரண்டு எலுமிச்சை, ஒரு ஆப்பிள் ஆனதும் மேகம் கவிந்ததுபோல் ஒரு நிறம் ஏறும். பலர் இதைத் துரு என்று நினைத்துச் சாம்பல் போட்டுத் தேய்த்துவிடுகிறார்கள். சிவந்த துரு இரும்பைத் தின்னும். இந்தக் கறுப்புப் படலம் அந்தத் துரு எளிதில் ஏறாமல் காக்கும். என் எட்டாம் நம்பரின் அலகில் ஆறு வருடத்துக் கோடை இருக்கிறது. அதே கத்தியைப் புதிதாக இன்றே வாங்கலாம், விலை பெரிதல்ல. இந்த நிறத்தை எங்கே வாங்குவது?

அதனால்தான் பெட்டியில் பூட்டி வைத்துப் பார்க்கிற சேகரிப்பில் எனக்கு மனம் ஒட்டுவதில்லை. அலகில் ஒரு கீறல் விழுந்தால் விலை குறையும் என்று பஞ்சில் சுற்றி வைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் விருப்பம். என் பெட்டியிலுள்ள ஒவ்வொரு கத்தியும் வருடத்தில் பத்து நாளாவது வெளியே வரும். ஒரு தபால் உறையைப் பிரிக்கும், ரயிலில் பக்கத்து இருக்கைக் குழந்தைக்கு ஆரஞ்சு உரிக்கும், துவையல் அரைக்க ஒரு தேங்காய்ச் சில்லைக் கீறும். மாலையில் துடைத்து, மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பெட்டிக்குத் திரும்பும். ஆயுத பூஜை அன்று மட்டும் 31-ம் ஒரே தாம்பாளத்தில் சந்தனம் குங்குமத்தோடு ஓய்வெடுக்கும்.

அந்தத் தாம்பாளத்தில் மிக எளிமையானது ஜப்பான் கத்தி. பெயர் ஹிகோனோகாமி. மடித்த உலோகத் தகடு ஒன்று பிடி. அலகின் பின்னால் ஒரு சின்ன வால் நீட்டிக்கொண்டிருக்கும், அதைக் கட்டைவிரலால் அமுக்கித் திறந்து, வெட்டி முடியும்வரை அமுக்கியே பிடித்திருக்க வேண்டும். பூட்டு உங்கள் கட்டைவிரல்தான். கொல்லர்களுக்கும் கருவிகளுக்கும் பேர்போன மிகி என்ற ஊரில் 1890-களில் பிறந்தது. போருக்குப் பிந்திய ஜப்பானில் பள்ளிப் பையன்களின் சட்டைப் பையில் இது சர்வசாதாரணம். பென்சில் சீவினார்கள், மூங்கிலில் பொம்மை செய்தார்கள்.

1960 அக்டோபர் 12. டோக்கியோவில் மேடையில் பேசிக்கொண்டிருந்த சோஷலிஸ்ட் கட்சித் தலைவர் இனெஜிரோ அசனுமாவை 17 வயது இளைஞன் ஒருவன் குத்திக் கொன்றான். அவன் கையில் இருந்தது குட்டை வாள். பேனாக்கத்திக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் குழந்தைகள் கையில் கூரிய எதையும் கொடுக்காதீர்கள் என்ற இயக்கம் நாடு முழுக்கப் பரவியது. பள்ளிப் பைகளிலிருந்து ஹிகோனோகாமி மறைந்தது. மிகியில் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. இன்று அந்தப் பெயரை முறைப்படி பொறிக்கும் உரிமையோடு எஞ்சியிருப்பது ஒரே ஒரு பட்டறை.

பயம் நியாயமானதுதான். நம் ஊரிலும் இந்திப் பட வில்லன்கள் ராம்பூர்க் கத்தியை எந்தக் கதிக்கு ஆளாக்கினார்கள் என்று தெரியும். ஆனால் இந்தக் கதையில் என் பாட்டியின் குரலும் தாத்தாவின் மௌனமும் எனக்கு ஒருசேரக் கேட்கின்றன. கத்தியைப் பிடுங்கி மேலே பரணில் வைத்துவிட்டால் விரல் அறுபடாது. வெளிப்பக்கமாகத் தள்ள வேண்டும் என்பதும் தெரியாமலே போகும். ஜப்பானிலேயே இதை உணர்ந்தவர்கள் இருக்கிறார்கள். நாகானோ மாகாணத்தில் ஒரு தொடக்கப் பள்ளி, முதல் வகுப்பில் சேரும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு ஹிகோனோகாமியைக் கொடுக்கிறது. பென்சிலை அவர்களே சீவிக்கொள்கிறார்கள். நான் போக ஆசைப்படும் இடங்களின் பட்டியலில் தாஜ்மகாலுக்கு முன்னால் அந்த வகுப்பறை இருக்கிறது.

கத்தி வைத்துக்கொள்ளத் தொடங்குகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மூன்றரை அங்குலத்துக்கு மேல் அலகு வேண்டாம், அதற்கு மேல் தேவைப்படும் வேலைக்கு அடுக்களையில் ஆயுதம் உண்டு. விமானத்தில் கைப்பையில் போகாது, நீதிமன்ற வாசலைத் தாண்டாது. அந்த நாட்களில் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். திறந்த கத்தியோடு நடக்காதீர்கள். மழுங்கிய கத்திதான் வழுக்கி விரலில் ஏறும், ஆகவே மாதம் ஒருமுறையாவது தண்ணீர் விட்டுச் சாணைக்கல்லில் தீட்டுங்கள்.

புதிதாக வாங்குவதற்கு முன் வீட்டு இழுப்பறைகளை ஒருமுறை துழாவிப் பாருங்கள். அப்பாவுடையதோ தாத்தாவுடையதோ துருவேறி இறுகிய ஒன்று பெரும்பாலும் அகப்படும். நெம்பித் திறக்காதீர்கள். மூட்டில் இரண்டு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விட்டு ஓர் இரவு வையுங்கள். காலையில் மெதுவாக அசைத்துப் பார்த்து, மறுபடி இரண்டு சொட்டு. மூன்றாம் நாள் திறந்துகொள்ளும்.

(அடுத்த வாரம்: கைக்குட்டை)