டிஸ்போசல் ஜீப்பும் ஸ்டெல்த் விமானமும்

பொட்டிபுரத்துக் கல்லூரி மாணவர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "பட்டாளத்தில் கழித்த ஜீப்புகள் நம் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போயின. அதேபோல, ஓய்வுபெற்ற ஸ்டெல்த் விமானங்களை அமெரிக்கா நட்பு நாடுகளுக்குக் கொடுத்தால் என்ன?"

நியாயமான கேள்விதான். என் மாமா ஏலத்தில் எடுத்த டிஸ்போசல் ஜீப் போடிமெட்டு ஏற்றத்தில் பல வருஷம் உழைத்தது. நாடுகளுக்கிடையிலும் இது வழக்கம். 1959-இல் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்த ஹெர்மிஸ் கப்பல், 1987 முதல் 2017 வரை நம்முடைய விராட். பிரான்ஸ் கழித்த ஜாகுவார் விமானங்களின் உடல்கள் உதிரிபாகத்துக்காக நம் விமானப்படைக்கு வந்தன.

ஆனால் அமெரிக்காவின் எஃப்-117 ஸ்டெல்த் விமானம் மட்டும் யார் கைக்கும் போகவில்லை. மொத்தம் 64 கட்டினார்கள். 2008-இல் ஓய்வு கொடுத்து, நெவாடா பாலைவனத்துக் கொட்டகைகளில் பூட்டினார்கள்.

காரணம் அதன் உருவத்தில் தொடங்குகிறது. இரவில் போடிமெட்டிலிருந்து இறங்கும்போது ஏலக்காய் ஸ்டோரின் தகரக்கூரை ஒரு வளைவில் ஹெட்லைட் பட்டுப் பளீரென்று மின்னும். அடுத்த வளைவில் கூரை இருந்த சுவடே தெரியாது. தட்டையான தகடு வெளிச்சத்தை ஒரே பக்கம் தள்ளிவிடுகிறது. எஃப்-117 முழுக்க இப்படிச் சாய்ந்த தகடுகள்தான். ரேடார் அலை வந்த வழியே திரும்பாமல் வேறெங்கோ சிதறிப்போகும். வளைவான உடல் ஏன் இல்லை? 1970-களின் கம்ப்யூட்டரால் வளைவுக்குக் கணக்குப் போட முடியவில்லை. தட்டைக்கு முடிந்தது. கணக்குக்கு எட்டிய உருவமே விமானத்தின் உருவமாயிற்று. எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஆச்சரியம் தீராத இடம் இது.

தகடுகளுக்கு மேல் ரேடார் அலையை உறிஞ்சும் பூச்சு. அதைப் பேணுவது பெரும்பாடு. ஈரம் பட்ட ஏலக்காயின் கதி நமக்குத் தெரியும். இந்த வகை விமானங்களுக்கும் ஈரம் எதிரி. 2008 பிப்ரவரியில் குவாம் தீவில் பி-2 ஸ்டெல்த் விமானம் ஒன்று கிளம்பியதுமே விழுந்து எரிந்தது. உணரிகளில் புகுந்த ஈரம்தான் காரணம்.

ஜீப்பைக் கொடுத்தால் ஜீப் மட்டும் போகும். இதைக் கொடுத்தால் பூச்சின் கலவையும் கூடவே போய்விடும். அருங்காட்சியகத்துக்கு அனுப்பும்போதுகூட அந்தப் பூச்சைச் சுரண்டிவிட்டுத்தான் அனுப்புகிறார்கள். பின்னால் வந்த எஃப்-22 விமானத்தை நட்பு நாட்டுக்கும் விற்கக் கூடாதென்று அமெரிக்க நாடாளுமன்றமே தடை போட்டது. ஆனாலும் 1999 மார்ச் 27 அன்று செர்பியர்கள் ஓர் எஃப்-117-ஐப் பழைய சோவியத் ஏவுகணையால் வீழ்த்தினார்கள். அதன் துண்டுகள் பெல்கிரேட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

தம்பி, கழித்த விமானம் வருமா என்று காத்திருப்பதில் எனக்கு ஒப்புதல் இல்லை. அந்தத் தகட்டுக் கணக்கின் அடிப்படையை எழுதியவர் பியோத்தர் உஃபிம்ட்செவ் என்ற சோவியத் இயற்பியலாளர். 1962-இல் புத்தகமாகவே வெளிவந்தது. ஒளிவுமறைவு எதுவும் இல்லை. அவர் நாடு அதைக் கண்டுகொள்ளவில்லை. அமெரிக்க விமானப்படை 1971-இல் மொழிபெயர்த்து வைத்துக்கொண்டது. எஃப்-117-ஐக் கட்டிய லாக்ஹீட் நிறுவனத்துக் கணிதர் ஒருவர் அதை ஊன்றிப் படித்தார். நமக்கும் வேண்டியது அந்தப் படிப்புதான். உங்கள் ஊரில் நியூட்ரினோ ஆய்வகம் பற்றி ஆண்டுக்கணக்கில் வழக்கும் போராட்டமும் நடந்தன. அந்த இயற்பியலைத் தமிழில் உட்கார்ந்து பேசியவர்கள் குறைவு என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. நீங்கள் இயற்பியல் படிப்பவரானால் அதைத் தொடங்குங்கள்.

உஃபிம்ட்செவ் பாடம் நடத்த அமெரிக்கா போனது 1990-இல். அவர் கணக்கில் பிறந்த விமானம் அதற்கு ஒன்பது வருஷம் முன்பே பறக்கத் தொடங்கியிருந்தது.