சேர்ந்து விழாத முதலீடு

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில் அமைந்துள்ள பட்டர்வொர்த், படகுத் துறைக்கும் இரயில் நிலையத்திற்கும் பெயர்பெற்ற நகரம். ஈயத் தொழிலுக்கும் இந்நகரத்திற்கும் நெடுங்கால உறவு உண்டு. 1902ஆம் ஆண்டில் இங்கு ஓர் ஈய உருக்காலை தொடங்கப்பட்டது. சுரங்கங்களிலிருந்து வந்த ஈயத் தாது இங்கே உருக்கப்பட்டு, கட்டிகளாகக் கப்பலேறியது.

அந்த ஆலையில் 1985ஆம் ஆண்டில் வேலை செய்த ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அவர் தம் சேமிப்பு முழுவதையும் மூன்று ஈயச் சுரங்க நிறுவனங்களின் பங்குகளில் போட்டிருந்தார். ஒரு நிறுவனம் நொடித்தாலும் மற்ற இரண்டும் கைகொடுக்கும் என்பது அவர் கணக்கு. ஆனால், ஈயத்தின் விலையைத் தாங்கிப் பிடித்துவந்த அனைத்துலக ஈய மன்றத்தின் நிதி அவ்வாண்டு அக்டோபர் 24ஆம் நாள் தீர்ந்துபோனது. இலண்டன் சந்தை ஈய வாணிகத்தை நிறுத்தியது. கோலாலம்பூர் ஈயச் சந்தையும் மூடப்பட்டது. சில மாதங்களில் ஈயத்தின் விலை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. பல சுரங்கங்கள் மூடப்பட்டன. அவர் வைத்திருந்த மூன்று பங்குகளும் ஒன்றாகச் சரிந்திருக்கும். அவருடைய வேலைக்கும் அதே நேரத்தில் ஆபத்து வந்திருக்கும்.

அவர் செய்த தவறு என்ன? பங்குகளின் எண்ணிக்கையைப் பார்த்தவர், அவற்றிற்கு இடையே உள்ள உறவைப் பார்க்கவில்லை. இந்த உறவைப் புள்ளியியலில் ‘ஒட்டுறவு’ என்பர். இரண்டு பங்குகளின் விலை மாற்றங்கள் எந்த அளவுக்குச் சேர்ந்து நடக்கின்றன என்பதை அது காட்டும். அதன் அளவு -1 முதல் +1 வரை அமையும். +1 என்றால், ஒன்று ஏறும்போது மற்றொன்றும் அதற்கேற்ற அளவில் ஏறும், இறங்கும்போதும் அப்படியே. -1 என்றால், ஒன்று ஏற மற்றொன்று இறங்கும். 0 என்றால், இரண்டிற்கும் இடையே அத்தகைய தொடர்பு இல்லை. ஒரே தொழிலைச் சார்ந்த நிறுவனங்களின் ஒட்டுறவு பெரும்பாலும் +1ஐ நோக்கியே இருக்கும்.

பணத்தைப் பல இடங்களில் பிரித்துப் போடவேண்டும் என்பது பழைய அறிவுரைதான். அதைக் கணக்காக்கிக் காட்டியவர் அமெரிக்கப் பொருளியலாளர் ஹாரி மார்கோவிட்ஸ். 1952ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையே இத்துறைக்கு அடித்தளமாக அமைந்தது. 1990ஆம் ஆண்டில் அவருக்குப் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

அவருடைய கருத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். இரண்டு பங்குகளின் ஏற்ற இறக்கமும் தனித்தனியே 20 விழுக்காடு என்று கொள்வோம். ஒருவர் தம் பணத்தைச் சரிபாதியாகப் பிரித்து இரண்டிலும் போடுகிறார். ஒட்டுறவு +1 ஆக இருந்தால், மொத்த முதலீட்டின் ஏற்ற இறக்கமும் 20 விழுக்காடாகவே இருக்கும். பிரித்துப் போட்டதால் பயனில்லை. ஒட்டுறவு 0 ஆக இருந்தால், அது ஏறக்குறைய 14 விழுக்காடாகக் குறையும். -1 ஆக இருந்தால், ஏற்ற இறக்கமே இருக்காது. ஆனால், உண்மைச் சந்தையில் அப்படிப்பட்ட இணை கிடைப்பது மிக அரிது.

மலேசியர்கள் இதனை 2020ஆம் ஆண்டில் கண்ணெதிரே கண்டனர். மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. விமானங்கள் தரையில் நின்றன. விமான நிறுவனப் பங்குகள் சரிந்தன. கையுறைக்கு உலகெங்கும் தேவை பெருகியதால் டாப் குளோவ், ஹார்த்தாலேகா, கோசான், சூப்பர்மேக்ஸ் ஆகிய நிறுவனங்களின் பங்குகள் பன்மடங்கு உயர்ந்தன. அவ்வாண்டு நவம்பரில் தடுப்பூசி பற்றிய நற்செய்தி வந்ததும் நிலைமை மாறியது. விமானப் பங்குகள் எழுந்தன. கையுறைப் பங்குகள் நான்கும் இறங்கின. நான்கையும் வாங்கி வைத்து, முதலீட்டைப் பிரித்துவிட்டதாக எண்ணியவர்கள் உண்மையில் பிரிக்கவில்லை.

ஒட்டுறவுக்கு இன்னொரு பயனும் உண்டு. முதலீட்டைப் பிரிப்பவர் ஒட்டுறவு குறைந்த பங்குகளைத் தேடுவார். ‘இணை வாணிகம்’ செய்பவரோ ஒட்டுறவு மிகுந்த பங்குகளைத் தேடுவார். 1980களில் அமெரிக்காவில் இம்முறை வளர்ந்தது. பொதுவாக 4 ரிங்கிட் விலையுள்ள ‘அ’ பங்கும் 2 ரிங்கிட் விலையுள்ள ‘ஆ’ பங்கும் சேர்ந்தே நகர்கின்றன என்போம். ஒருநாள் ‘அ’ மட்டும் 4.40 ரிங்கிட்டாக ஏறுகிறது. வணிகர் 1,000 ‘அ’ பங்குகளைக் கடனாகப் பெற்று 4,400 ரிங்கிட்டுக்கு விற்கிறார். அதே தொகைக்கு 2,200 ‘ஆ’ பங்குகளை வாங்குகிறார். பிறகு சந்தையே சரிந்து, ‘அ’ 3.80 ஆகவும் ‘ஆ’ 1.90 ஆகவும் ஆகின்றன. ‘அ’ பங்குகளை 3,800 ரிங்கிட்டுக்கு வாங்கித் திருப்பிக் கொடுப்பதால் அவருக்கு 600 ரிங்கிட் இலாபம். ‘ஆ’ பங்கில் 220 ரிங்கிட் நட்டம். கட்டணங்கள் நீங்கலாக, சந்தை விழுந்தபோதும் 380 ரிங்கிட் மிஞ்சுகிறது. மாறாக, ‘அ’ 5 ரிங்கிட்டாக ஏறி, ‘ஆ’ அசையாமல் நின்றால் 600 ரிங்கிட் நட்டம் வரும்.

பட்டர்வொர்த் உருக்காலையை நடத்திய மலேசியா ஸ்மெல்ட்டிங் கார்ப்பரேஷன் நிறுவனத்தின் பங்கு, கோலாலம்பூர்ப் பங்குச் சந்தையில் மட்டுமன்றி, 2011ஆம் ஆண்டில் சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையிலும் இடம்பெற்றது. ஒரே நிறுவனத்தின் பங்கு என்பதால், நாணய மாற்றைக் கணக்கிட்டால் இரு விலைகளும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கவேண்டும். இதைவிட நெருங்கிய இணையைக் காண்பது கடினம்.

ஆனால், நெருங்கிய இணையும் சில வேளைகளில் விலகும். ராயல் டச்சு, ஷெல் ஆகிய இரு நிறுவனங்களும் 1907ஆம் ஆண்டு முதல் இலாபத்தை 60:40 என்ற விகிதத்தில் பகிர்ந்துகொண்டன. ஆயினும், அவற்றின் பங்கு விலைகள் அந்த விகிதத்தில் நிற்கவில்லை. இடைவெளி விரைவில் குறையும் என்று நம்பி, அமெரிக்காவின் லாங் டெர்ம் கேப்பிட்டல் மேனேஜ்மெண்ட் என்ற முதலீட்டு நிறுவனம் கடன் வாங்கிப் பந்தயம் கட்டியது. நோபல் பரிசு பெற்ற இருவர் அதன் பங்காளிகளாக இருந்தனர். 1998ஆம் ஆண்டில் இரஷ்யாவில் நெருக்கடி ஏற்பட்டபோது அந்த இடைவெளி குறைவதற்குப் பதிலாக விரிந்தது. இதுபோன்ற பல பந்தயங்களில் நட்டமடைந்த அந்நிறுவனத்தைக் காப்பாற்ற, 14 நிதி நிறுவனங்கள் ஏறக்குறைய 360 கோடி டாலர் போடவேண்டியதாயிற்று. அவர்கள் கணக்குத் தெரியாதவர்கள் அல்லர். கணக்குச் சரியாகும்வரை காத்திருக்க அவர்களிடம் பணம் இல்லை.

ஒட்டுறவு என்பது கடந்தகாலத்தின் கணக்கு. எதிர்காலத்திற்கான வாக்குறுதி அன்று. 1997ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 1,271 புள்ளிகளைத் தொட்ட கோலாலம்பூர்ப் பங்குக் குறியீடு, 1998 செப்டம்பர் முதல் நாளில் 262 புள்ளிகளுக்கு இறங்கியது. வங்கி, கட்டுமானம், தோட்டம் எனத் தனித்தனியே நடந்த துறைகள் அப்போது சேர்ந்து விழுந்தன. பீதி பரவும்போது மக்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் விற்பதே இதற்குக் காரணம். ஆகவேதான், மலேசியத் தொழிலாளர்களின் ஓய்வுக்காலப் பணத்தைக் காக்கும் ஊழியர் சேமநிதி வாரியம், பங்குகளோடு கடன் பத்திரம், நிலம், கட்டடம் எனப் பலவற்றிலும், வெளிநாடுகளிலும் முதலீடு செய்கிறது.

நாடும் இதே பாடத்தைக் கற்றிருக்கிறது. இரப்பரையும் ஈயத்தையும் பெரிதும் நம்பியிருந்த மலேசியா, விடுதலைக்குப் பின் செம்பனைக்கும் தொழிற்சாலைகளுக்கும் இடமளித்தது. 1985ஆம் ஆண்டில் ஈயம் விழுந்தபோது பலர் வேலை இழந்தனர். ஆயினும், நாட்டுக்கு வேறு வருமானங்களும் இருந்தன. ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்பர். ஒரு முதலீட்டில் இறங்குமுன், எத்தனை பங்குகள் என்று எண்ணினால் போதாது. எது விழுந்தால் எதெது சேர்ந்து விழும் என்றும் கேட்டறிய வேண்டும்.