மந்த வாயுக்கள் மந்தமானவையா?

நியான் அணுவிற்கு எலக்ட்ரான்கள் பத்து, சோடியத்திற்குப் பதினொன்று. ஆயினும் முன்னது விளம்பரக் குழாய்க்குள் எதனோடும் சேராது ஒளிர்கின்றது. பின்னது நீர் பட்ட மாத்திரத்தில் சீறிப் பாய்கின்றது. ஓர் எலக்ட்ரான் இத்துணை மாறுபாட்டை விளைவிப்பது எங்ஙனம்?

எலக்ட்ரான்கள் அணுக்கருவைச் சூழ்ந்து கூடு கூடாக அமைந்துள்ளன. பிற அணுக்களோடு உறவு கொள்வது பெரும்பாலும் வெளிக்கூடே. நியானின் வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான்கள் நிறைந்துள்ளன. சோடியத்தின் பதினோராவது எலக்ட்ரானோ மூன்றாம் கூட்டில் தனித்து நிற்கின்றது. உள்ளிருக்கும் பத்தும் அணுக்கருவின் ஈர்ப்பை அதற்குப் பெரிதும் மறைத்துவிடுகின்றன. ஆதலின் அதனைப் பிரித்தெடுக்க 5.1 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் போதும். நியானிடமிருந்து ஒன்றைப் பறிக்கவோ 21.6 வேண்டும்.

எட்டு நிறைந்தால் வினை இல்லை என இதனைச் சுருக்கி மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் பெற்றுவிடுகிறோம். வகுப்பறையில் நாமும் அவ்வாறே சொல்லிக்கொடுத்ததுண்டு. ஆனால் எட்டு என்னும் எண்ணில் மந்திரம் ஏதுமில்லை. அணுக்கரு எத்துணை இறுகப் பற்றியுள்ளது என்பதே வினா. செனான் ஃபுளூரினோடு சேரக்கூடும் என லைனஸ் பாலிங் 1933இலேயே முன்னுரைத்தார். அன்று செய்த சோதனை பயனளிக்கவில்லை; ஏறத்தாழ முப்பதாண்டுகள் விதியே நிலைத்தது.

1962இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நீல் பார்ட்லெட், பிளாட்டினம் ஹெக்சாஃபுளூரைடு என்னும் பொருளின் செந்நிற ஆவி ஆக்சிஜன் மூலக்கூறிடமிருந்தே ஓர் எலக்ட்ரானைப் பறிப்பதைக் கண்டறிந்திருந்தார். ஆக்சிஜன் மூலக்கூறுக்குத் தேவையான ஆற்றல் ஏறத்தாழ 12.1 எலக்ட்ரான் வோல்ட். செனானுக்கும் ஏறத்தாழ அதுவே! அங்ஙனமாயின் செனான் மட்டும் தப்புவது எப்படி? செனானையும் அவ்வாவியையும் பிரித்திருந்த கண்ணாடித் தடையை அவர் உடைத்தார். அறை வெப்பநிலையிலேயே மஞ்சள் நிறத் திண்மம் தோன்றியது. அதன் இயைபு அவர் கருதியதைவிடச் சிக்கலானது எனப் பின்னர்த் தெரிந்தது. செனான் வினைபுரிந்தது என்பதில் ஐயமில்லை. அவ்வாண்டிலேயே அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தார் செனானையும் ஃபுளூரினையும் சூடாக்கிச் செனான் டெட்ராஃபுளூரைடைப் பெற்றனர்.

செனானின் வெளிக்கூட்டிலும் எட்டு எலக்ட்ரான்களே. ஆனால் அது ஐந்தாம் கூடு. அணுக்கருவிலிருந்து தொலைவில் இருப்பதால் பிடி தளர்கின்றது. நியானில் அது இரண்டாம் கூடு. வேதிப்பிணைப்பால் அமைந்த நிலையான நடுநிலைச் சேர்மம் எதனையும் நியான் இன்றுவரை தந்ததில்லை.