பேரம் யாரிடம்?

கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வருகிறவன் ஏமாளி. பாதிக்குப் பாதி குறைத்து வாங்குகிறவன் கெட்டிக்காரன். ஊரெல்லாம் ஒப்புக்கொண்ட இந்தத் தத்துவத்தை நெஞ்சில் ஏந்திக்கொண்டுதான், 2024ஆம் ஆண்டின் இறுதியில், கெய்ரோ நகரத்துக் கான் அல் கலீலி அங்காடிக்குள் நுழைந்தோம்.

நுழைந்தோம் என்பதுகூடப் பிழை. கூட்டம் நம்மை உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்தது! 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் வணிகர் தங்கும் விடுதியாக எழுந்த இடம். இன்று சந்துக்குள் சந்து, கடைக்குள் கடை. அதை அடுத்து நஹ்ஹாசீன். செம்பு அடிப்போர் வீதி என்று பொருள். நம்மூர்க் கன்னார் தெருவேதான்!

காபி காய்ச்சும் செம்புக் குவளை ஒன்று கண்ணைப் பறித்தது. விலைச் சீட்டோ விளங்கவில்லை. நாம் எழுதும் 7 போல ஒரு குறி, பக்கத்தில் இரண்டு புள்ளிகள். அந்தக் குறிதான் ஆறு, புள்ளிதான் சுழியம், ஆக 600 பவுண்டு என்று விளக்கிய முதியவர், "இவற்றுக்கு எங்கள் மொழியில் இந்திய எண்கள் என்றே பெயர்" என்றார். இந்தியாவிலிருந்து போன நாம், இந்திய எண்ணைப் படிக்கத் தெரியாமல் நின்றோம்!

படிக்கத் தெரியாவிட்டால் என்ன, குறைக்கத் தெரியாதா? "இருநூறு" என்றோம். கையை விரித்தார். நடந்தோம், அழைத்தார். தேநீர் வந்தது. முந்நூற்றைம்பதுக்கு முடிந்தது. வெற்றி! 250 பவுண்டு மிச்சம்!

அந்த மிடுக்கோடு முஸ்கி வீதிக்கு வந்தோம். இது பயணிகளின் சந்தை அன்று; கெய்ரோவின் ஏழை எளியவர்கள் துணிமணி வாங்குமிடம். எங்கும் "காலி, காலி" என்ற குரல். வைகிறார்களோ என்று திகைத்தோம். விலை அதிகம் என்பதே அதன் பொருளாம்! ஒரு தாய், குழந்தையின் சட்டையை விரித்துப் பார்த்தார், மடித்தார், மீண்டும் விரித்தார். இன்னும் 20 பவுண்டு குறையுங்கள் என்று கெஞ்சினார். வணிகரால் முடியவில்லை. சட்டையை வைத்துவிட்டு அந்த அம்மையார் நடந்தார். நாம் நடந்ததுபோல் நடிப்பன்று. கையில் காசில்லாத நடை. அழைக்க இயலாத வணிகர், அவர் போன திசையையே பார்த்து நின்றார்.

இருபது பவுண்டு என்றால் என்ன? 2016 நவம்பருக்கு முன் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 9 பவுண்டு. 2024 மார்ச்சில் அது 50ஐத் தொட்டது. அப்போது நமக்கு இருபது பவுண்டு முப்பத்தைந்து ரூபாயைத் தாண்டவில்லை. அங்கோ, அரசு அட்டைக்கு வழங்கும் ரொட்டி, 2024 சூனில் 5 பியாஸ்டரிலிருந்து 20 பியாஸ்டராக உயர்த்தப்பட்ட பின்னும், இருபது பவுண்டுக்கு நூறு கிடைத்தது. நாளுக்கு ஐந்து என்ற அளவில், ஓர் ஆளுக்கு இருபது நாள் ரொட்டி!

அப்படியானால் நாம் மிச்சம் பிடித்த 250 பவுண்டு? நமக்கு அப்போது நானூறு ரூபாயைச் சற்றே தாண்டியது. விமான நிலையத்தில் ஒரு காபிக்கும் பன்னுக்கும் அதைவிட அதிகம் கொடுத்திருந்தோம், வாய் திறவாமல்! விலையை அச்சடித்து மாட்டியிருந்தார்கள். நம் கெட்டிக்காரத்தனம் ஊமையாகிவிட்டது.

மறுநாள் அதே முதியவரிடம் சென்றோம். இன்னொரு குவளை கேட்டு, பேரம் பேசாமல் 600 பவுண்டை நீட்டினோம். அவர் முகம் மாறியது. இருநூற்றை எண்ணித் திருப்பித் தந்தார். "என் பொருளுக்கு விலை உண்டு, தருமம் வேண்டாம்" என்றார். பிறகு, தேநீர் வரவழைத்தார்.

கெட்டிக்காரன் எவன் என்பது அப்போது புரிந்தது. உழைப்பவன் கேட்பது பிச்சையுமன்று, நாம் அவனை வென்று காட்டுவதுமன்று, நியாய விலை. அதைக் கண்டறியவே பேரம். முஸ்கியில் அந்தத் தாய் பேசியது பேரம். நாம் ஆடியது விளையாட்டு.

இன்னொரு பேரமும் அந்த மண்ணில் நடந்திருக்கிறது. 1977 சனவரியில் உணவு மானியத்தை வெட்டியது அரசு. மக்கள் வீதிக்கு வந்தார்கள். உயிர்கள் பல பலியாயின. இரண்டே நாளில் அரசு பின்வாங்கியது. அச்சடித்த விலையும் அசையும் என்று காட்டிய பேரம் அது!

நமக்கும் வாய் இருக்கிறது. நடைபாதையில் கூடை வைத்திருப்பவரிடம் மட்டும்தான் அது திறக்குமா?