முப்பத்தெட்டு சென்டிமீட்டர் ஆடி

மரக்காணத்து உப்பளங்களில் பாத்தி மிதித்துக் கெட்டிப்படுத்தும் வேலை தை வாக்கில் தொடங்கும். ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூர் வானோக்கு நிலையத்துக்கும் ஏறக்குறைய அப்போதுதான் நல்ல இரவுகள் பிறக்கின்றன. இரண்டுக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 130 கிலோமீட்டர்; அட்சரேகையில் அரைப் பாகைகூட வித்தியாசமில்லை. இரண்டிடத்துக்கும் ஒரே வானம். அதை மூடுகிற வடகிழக்குப் பருவமழையும் ஒன்றே. ஐப்பசி பிறந்தால் உப்பு வாருகிறவர்களுக்கு வேலை இருக்காது. காவலூர்க் குவிமாடங்களும் பெரும்பாலும் மூடியே கிடக்கும்.

மேகம் இந்தக் கரையில் வானியலாளரை எப்படியெல்லாம் ஏமாற்றும் என்பதற்கு லெ ஜென்டிலைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. சூரியனைக் கடக்கும் வெள்ளியைப் பார்க்க 1760-இல் பிரான்சிலிருந்து புறப்பட்டவர் அவர். புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டதால் 1761-ஆம் ஆண்டுக் கடப்பின்போது கப்பலிலேயே இருக்க நேர்ந்தது. ஆடும் தளத்திலிருந்து உருப்படியாக எதையும் அளக்க முடியவில்லை. அடுத்த கடப்புக்காக எட்டு ஆண்டுகள் காத்திருந்து, புதுச்சேரியில் இடிந்து கிடந்த ஆளுநர் மாளிகையின் மேல் ஒரு வானோக்கு நிலையமும் கட்டினார். 1769 ஜூன் 4-ஆம் தேதி காலையில், சரியாக அந்த நேரத்தில், மேகம் சூழ்ந்தது.

அதே புதுச்சேரியில் வானத்தைப் பார்க்காமலே வானத்தைக் கணித்தவர்களும் இருந்தார்கள். பஞ்சாங்கக்காரர் ஒருவர், தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடமாக இருந்த வாய்பாடுகளைக் கொண்டு சந்திர கிரகணம் ஒன்றைக் கணித்துக் காட்டியதை ஜான் வாரன் என்பவர் 1825-இல் எழுதி வைத்தார். அந்த ஆண்டு மே மாதக் கடைசியில் நேர்ந்த கிரகணம் அது. தொடக்கத்தில் நான்கு நிமிடமே பிழை. முடிவில் மட்டும் ஐம்பது நிமிடத்துக்கு மேல் தவறியது. பூமியின் நிழலுக்குள் நிலவு எப்போது நுழையும் என்பதே அவருடைய கேள்வி. இன்றும் பெங்களூரில் ஏறத்தாழ அதே கேள்வியைத்தான் தினமும் கேட்கிறார்கள். நிலவுக்குப் பதில் ஒரு செயற்கைக்கோள், நிமிடத்துக்குப் பதில் விநாடி, அவ்வளவுதான்.

அதற்கு வருமுன் காவலூரைச் சொல்ல வேண்டும். வானியலாளர் வேணு பாப்பு தேர்ந்தெடுத்த இடம் அது. தென்வானத்தையும் எட்டிப் பார்க்கும்படி நிலநடுக்கோட்டுக்குக் கொஞ்சம் அருகே இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. 1968-இல் அங்கே வேலையைத் தொடங்கியது கோடைக்கானலிலேயே செய்த ஒரு தொலைநோக்கி. அதன் ஆடி 38 சென்டிமீட்டர். நட்சத்திரம் நழுவாதபடி இரவெல்லாம் கண்ணை வைத்துத் திருத்திக்கொண்டே இருக்க ஓர் ஆள் வேண்டும். ஒளிப்படத் தகட்டை விடியலில் இருட்டறைக்குக் கொண்டுபோய்க் கழுவிப் பார்த்த பிறகுதான் அந்த இரவு பலித்ததா, வீணா என்பது தெரியும்.

நாற்பத்தேழு ஆண்டுகள் கழித்து, 2015 செப்டம்பர் 28 அன்று, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோள் கிளம்பியது. அதிலுள்ள யூவிட் என்கிற புறஊதாத் தொலைநோக்கி, காவலூரை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் மேற்பார்வையில் உருவானது. அதில் இரட்டைக் குழல்கள். ஒவ்வொன்றின் ஆடியும் ஏறத்தாழ 38 சென்டிமீட்டர். அளவு அதேதான். மாறியது அது நிற்கும் இடம். காவலூர் கடல்மட்டத்துக்கு மேல் 725 மீட்டர். இது 650 கிலோமீட்டர். புறஊதா ஒளியை விழுங்கிவிடும் ஓசோன் படலம் கீழே தங்கிவிட்டது, மேகமும் கீழே தங்கிவிட்டது.

பூமியை ஒருமுறை சுற்ற அதற்கு 98 நிமிடம் போதும். நாளொன்றுக்குப் பதினான்கு சுற்றுக்கு மேல். பாதை நிலநடுக்கோட்டுக்கு ஆறு பாகையே சாய்ந்திருப்பதால் மரக்காணத்தின் உச்சி வானுக்கு அது ஒருபோதும் வராது. எப்போது கடந்தாலும் தெற்கே தாழ்ந்துதான் கடக்கும். இந்தச் சாய்வு வேண்டுமென்றே வைத்தது. தென் அட்லாண்டிக் பெருங்கடலின் மேல் மின்னேற்றத் துகள்கள் அடர்ந்த பகுதி ஒன்று உண்டு. அதன் ஓரத்தோடு போய்விடலாம் என்பது திட்டம். அந்த ஓரத்தைக் கடக்கும்போதும் உணரிகளின் உயர் மின்னழுத்தத்தைக் குறைத்துவிட்டு, வெளியே வந்த பிறகே மறுபடி ஏற்றுகிறார்கள்.

இரவெல்லாம் விழித்திருந்த ஆளின் இடத்தை இப்போது அட்டவணை எடுத்துக்கொண்டது. எதைப் பார்க்கலாம் என்று ஆய்வாளர்கள் மாதக்கணக்கில் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். குழு ஒன்று நேரம் ஒதுக்கும். பிறகு சூரியனுக்கும் குறிக்கும் இடையே உள்ள கோணம், பூமியின் விளிம்பு, நிழலுக்குள் நுழையும் நேரம் எல்லாம் கணித்துக் கட்டளைகள் பெங்களூரிலிருந்து மேலே போகும். யூவிட் வேலை செய்வது செயற்கைக்கோள் பூமியின் நிழலில் இருக்கும் பகுதியில்தான். ஆக, நாளுக்குப் பதினான்கு குட்டி இரவுகள்.

வேடிக்கை ஒன்று இதில் உண்டு. அன்று தொலைநோக்கியைச் சரிபார்க்க முதலில் திருப்புவது பளிச்சென்ற நட்சத்திரத்தின் பக்கம். யூவிட்டுக்கோ அப்படிப்பட்டவை ஆகாதவை. தனித்தனி ஒளித்துகளை எண்ணக்கூடிய உணரிகள் பேரொளியில் பழுதாகிவிடும். உப்பளத்துக்குப் போகிற எவர் கண்ணிலும் படும் சித்திரை நட்சத்திரத்தை அது ஏறிட்டும் பார்க்கக் கூடாது.

பலனையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1977 மார்ச் 10 இரவு, யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப்போவதைக் காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும். மறைப்புக்கு முன்பே நட்சத்திர ஒளி சில விநாடிகள் மங்கி மீண்டது. புதிய துணைக்கோள் என்று முதலில் எண்ணினார்கள். மற்ற இடத்துப் பதிவுகளோடு ஒப்பிட்டபோது அது யுரேனஸின் வளையம் என்று தெரிந்தது. நடந்துகொண்டிருக்கும்போதே ஒன்றைக் காண்கிற அந்தச் சில விநாடிகள் மேலுள்ள தொலைநோக்கியை ஆளும் எவருக்கும் கிடைப்பதில்லை. 2016 அக்டோபரில் யூவிட் ஒரே திசையில் 28 மணி நேரத்துக்கும் மேலாகப் பதிவு செய்தது, அதுவும் துண்டு துண்டாக. அதிலிருந்து 930 கோடி ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள விண்மீன் மண்டலம் ஒன்றின் கடும் புறஊதா ஒளியைப் பிரித்தெடுத்து, கனக் சாகாவும் குழுவினரும் வெளியிட்டது 2020-இல். அந்தக் கண்டுபிடிப்புக்கு இரவு என்று ஒன்றைச் சுட்ட முடியாது. காவலூர் எந்தக் காலத்திலும் கண்டிருக்க முடியாத ஒளி அது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இழந்தது இன்னொன்றும் உண்டு: பழுது பார்க்கும் வழி. 1972-இல் காவலூருக்கு வந்த ஒரு மீட்டர் தொலைநோக்கி அரை நூற்றாண்டு தாண்டியும் உழைக்கிறது. ஆடி மங்கினால் கழற்றி அலுமினியம் பூசிக்கொள்ளலாம். யூவிட்டின் அண்மைப் புறஊதாப் பிரிவு 2018-இல் ஓய்ந்தது, ஓய்ந்ததுதான். அஸ்ட்ரோசாட்டின் எக்ஸ் கதிர் எண்ணிகள் மூன்றில் ஒன்றையும் அதே ஆண்டு நிறுத்த வேண்டியிருந்தது. ஐந்தாண்டு என்று கணக்கிட்டு அனுப்பியது, மீதிக் கருவிகளோடு அந்தக் கெடுவைத் தாண்டியும் ஓடியது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது மரக்காணத்து உப்பளங்கள் வெள்ளத்தில் மூழ்கின. மேலே போட்டு வைத்த அட்டவணையில் புயல் என்றொரு வரி கிடையாது. பருவமழையால் பாதி ஆண்டைத் தோற்றுக்கொண்டிருந்த வானோக்கும் தொழிலுக்கு இது சாதாரண ஆதாயமல்ல.

காவலூர்த் தகட்டைப் பார்க்க விரும்பியவர் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. அஸ்ட்ரோசாட் நாளொன்றுக்குச் சேர்க்கக்கூடிய தரவு 420 ஜிகாபிட். அது பெங்களூருக்கு அருகே பையலாலுவில் இறங்கி, விண்ணப்பித்தவருக்குரிய காலக்கெடு முடிந்ததும் பொதுவுக்கு வந்துவிடுகிறது. இந்த வழக்கம் 2018 செப்டம்பரில் தொடங்கியது. திண்டிவனத்தில் ஒரு கல்லூரி மாணவி அதை இறக்கிக்கொண்டு வேலை செய்யலாம். ஐப்பசியிலும் செய்யலாம், மின்சாரம் இருந்தால்.