சூத்திரமும் உரையும்: காங்கோவில் ஐ.நா., 1960–61

தமிழில் 'அமைதிப்படை' என்ற சொல்லுக்கு 1987க்குப் பிறகு ஒரு தனி அர்த்தம் ஏறிவிட்டது. அது இந்தியா தன் உடன்படிக்கையின் பேரில் இலங்கைக்கு அனுப்பிய படை, ஐ.நா. படை அல்ல. அந்தச் சொல்லைத் தொட்டாலே வேறு ஞாபகங்கள் வந்துவிடும் என்பதால், இக்கட்டுரையில் 'ஐ.நா. படை' என்றே எழுதுகிறேன்.

ஐ.நா. படை என்றவுடன் நம் கண்ணுக்குத் தெரிவது நீலத் தொப்பியும் வெள்ளை ஜீப்பும்தான். ஆனால் அந்த ஜீப் எந்தச் சாலையில் போகலாம், யார் வீட்டு வாசலில் காவல் போடலாம், எந்தச் சண்டையில் கைகட்டி நிற்கலாம் என்பதையெல்லாம் தீர்மானிக்கிறவர் பெரும்பாலும் சீருடை போடாத ஆள். பொதுச் செயலாளரின் பிரதிநிதி என்று ஒருவர் இருப்பார். அவருக்குக் கீழே அரசியல் விவகாரப் பிரிவு. இவர்களுக்கு என்னதான் வேலை? உள்ளூர்த் தலைவர்களையும் தளபதிகளையும் தூதர்களையும் பார்த்துப் பேசுவது. யார் யாருடன் சேர்கிறார்கள், யார் பிரிகிறார்கள் என்று கவனிப்பது. அதை அன்றாடம் சங்கேதத் தந்தியில் நியூயார்க்குக்கு எழுதுவது. படைத்தளபதி 'இதைச் செய்யலாமா?' என்று கேட்டால், தீர்மானத்தின் எந்த வரி அதற்கு இடம் கொடுக்கிறது என்று சொல்வது. சுருக்கமாகச் சொன்னால் படிப்பதும் எழுதுவதும். இலக்கிய விமர்சகன் செய்கிற வேலைதானே என்று தோன்றும். தோன்றுவதில் நியாயம் இருக்கிறது.

பாதுகாப்பு அவையின் தீர்மானம் ஒரு விசித்திரமான பிரதி. பல அரசுகள் சேர்ந்து எழுதுவது. ஒன்றோடொன்று ஒத்துப்போகாத அரசுகள். அமெரிக்காவும் சோவியத் யூனியனும் ஒரே வாக்கியத்துக்குக் கை தூக்க வேண்டுமானால், அந்த வாக்கியம் இருவரும் அவரவர் அர்த்தத்தை வைத்துக்கொள்ளத் தோதாக இருந்தாக வேண்டும். தெளிவின்மை இங்கே எழுதத் தெரியாததால் வந்த குறை அல்ல, தீர்மானம் நிறைவேறுவதற்கான நிபந்தனையே அதுதான். நம் மரபில் இதற்குக் கிட்டத்தட்ட ஒப்பான ஒன்று உண்டு: சூத்திரம். தொல்காப்பியத்தின் ஒரு சூத்திரத்துக்கு இளம்பூரணர் ஒன்று சொல்வார். நச்சினார்க்கினியர் அதே சொற்களைக் கொண்டுகூட்டி வேறொன்று சொல்வார். இரண்டும் ஏட்டில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும், யாருக்கும் நஷ்டமில்லை. ஐ.நா. பிரதிநிதியும் உரையாசிரியர்தான். ஒரே வித்தியாசம், இந்த உரையாசிரியர் கையில் படை இருக்கிறது. அவர் சொல்லும் பொருள் அன்று சாயங்காலமே நடைமுறையாகிவிடும். உயிர் போகலாம்.

காங்கோவில் போனது.

1960 ஜூன் 30இல் பெல்ஜியத்திடமிருந்து காங்கோ விடுதலை அடைந்தது. ஒரு வாரத்துக்குள் ராணுவத்தில் கலகம். மேலதிகாரிகள் அனைவரும் பெல்ஜியர்களாகவே நீடித்ததை சிப்பாய்கள் பொறுத்துக்கொள்ளவில்லை. தன் குடிமக்களைக் காப்பதாகச் சொல்லி பெல்ஜியப் படை திரும்ப உள்ளே வந்தது. ஜூலை 11இல், தாமிரமும் கோபால்ட்டும் விளையும் கட்டாங்கா மாகாணத்தை மோயிஸ் ஷோம்பே தனி நாடாக அறிவித்தார். பெல்ஜியச் சுரங்கக் கம்பெனியின் பணமும் பெல்ஜிய அதிகாரிகளும் அவருக்குப் பின்னால். மறுநாளே குடியரசுத் தலைவர் காசவுபுவும் பிரதமர் பத்ரிஸ் லுமும்பாவும் ஐ.நா.வின் உதவியைக் கேட்டார்கள். ஜூலை 14இல் தீர்மானம் 143 நிறைவேறியது. எட்டு ஓட்டு ஆதரவு, எதிர்ப்பு இல்லை, மூவர் நடுவில் நின்றார்கள்.

அந்தத் தீர்மானம் பெல்ஜியப் படையை வெளியேறச் சொன்னது. காங்கோ அரசுக்கு ராணுவ உதவி தரும்படி பொதுச் செயலாளருக்கு அதிகாரம் கொடுத்தது. லுமும்பா இதை நேராக வாசித்தார்: அரசு கேட்டது, படை வந்தது, எனவே படை பிரிவினையை முடிக்க அரசுக்குத் துணை நிற்கும். பொதுச் செயலாளர் டாக் ஹாமர்ஷோல்ட் வேறு மாதிரி வாசித்தார். ஆகஸ்ட் 9இன் தீர்மானம் 146 அவர் வாசிப்பை உறுதிப்படுத்தியது: ஐ.நா. படை கட்டாங்காவுக்குள் நுழையும். ஆனால் எந்த உள்நாட்டுப் பூசலிலும் ஒரு கட்சியாக நிற்காது, அதன் முடிவைப் பாதிக்கும்படி பயன்படாது. இதைத்தான் நடுநிலை என்கிறோம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. பெல்ஜிய ஆயுதத்தோடு நிற்கும் பிரிவினையை 'உள்நாட்டுப் பூசல்' என்று பெயரிட்ட கணத்திலேயே ஒரு பக்கம் சாய்ந்தாகிவிட்டது என்பதை அந்த வாக்கியம் சொல்லவில்லை.

செப்டம்பர் 5 இரவு காசவுபு வானொலியில் லுமும்பாவைப் பதவி நீக்கினார். கொஞ்ச நேரத்தில் லுமும்பாவும் அதே வானொலியில் காசவுபுவை நீக்கினார். லியோபோல்ட்வில்லில் ஐ.நா. பொறுப்பில் தற்காலிகமாக இருந்தவர் ஆண்ட்ரூ கார்டியர் என்ற அமெரிக்கர். கலவரம் மூளாமல் தடுக்க அவர் விமான நிலையங்களை மூடினார். மறுநாள் வானொலி நிலையத்தையும் மூடினார். இருதரப்புக்கும் ஒரே பூட்டு, நடுநிலைதானே? ஆனால் காசவுபுவுக்கு ஆற்றுக்கு அக்கரையில் பிராஸவில் வானொலி திறந்திருந்தது. லுமும்பாவின் ஆதரவுப் படைகளோ நாட்டின் கிழக்கிலிருந்து விமானத்தில்தான் வர வேண்டும். நாடாளுமன்றம் செப்டம்பர் 7இல் இரண்டு நீக்கங்களையும் செல்லாது என்றது. அதை மக்களுக்குச் சொல்ல லுமும்பாவிடம் வானொலி இல்லை. செப்டம்பர் 14இல் கர்னல் மொபுட்டு ஆட்சியைப் பிடித்தார்.

சமமில்லாதவர்கள் மேல் சமமாகப் போடுகிற பூட்டு யார் பக்கம் என்பது பூட்டைப் பார்த்தால் தெரியாது. எந்தெந்த வீட்டுக்குக் கொல்லைவாசல் உண்டு என்று பார்த்தால்தான் தெரியும்.

கார்டியருக்குப் பின் பொறுப்பேற்றவர் ராஜேஷ்வர் தயாள், இந்திய ராஜதந்திரி. அவர் அதே நடுநிலையை மறுபக்கத்திலிருந்து வாசித்தார். மொபுட்டுவின் ஆட்சிக்குச் சட்ட அடிப்படை கிடையாது. ஆகவே அது கொண்டுவரும் கைது ஆணையும் செல்லாது. அக்டோபரில் லுமும்பாவைப் பிடிக்க வந்தபோது ஐ.நா. காவல் வழிவிடவில்லை. லுமும்பாவின் வீட்டைச் சுற்றி உள்வட்டத்தில் ஐ.நா. வீரர்கள், அவரைக் காக்க. வெளிவட்டத்தில் மொபுட்டுவின் சிப்பாய்கள், அவர் வெளியே வந்தால் பிடிக்க. நவம்பர் 2இன் அறிக்கையில் தயாள் மொபுட்டு படையின் அட்டகாசங்களையும், பெல்ஜியர்கள் கூட்டம் கூட்டமாகத் திரும்பி வருவதையும் பச்சையாகவே எழுதினார். மேற்கத்தியத் தலைநகரங்களுக்கு இது பிடிக்கவில்லை. லியோபோல்ட்வில்லும் அவரை ஏற்க மறுத்தது. 1961 மே மாதம் அவர் பதவியிலிருந்து விலகினார். உரை பிடிக்காவிட்டால் உரையாசிரியரை மாற்றிவிடுவது இத்துறையில் சகஜம்.

நவம்பர் 27 இரவு லுமும்பா வீட்டைவிட்டு வெளியேறினார். வீட்டுக்குள் காப்பாற்றத்தான் ஐ.நா.வுக்கு உத்தரவு, வழியில் அவர் பிடிபட்டபோது ஐ.நா. படை தலையிடவில்லை. 1961 ஜனவரி 17இல் கட்டாங்காவுக்குக் கொண்டுபோய், தோழர்கள் ம்போலோ, ஒகிடோ இருவரோடும் சுட்டுக் கொன்றார்கள். எலிசபெத்வில் விமான நிலையத்தில் அவரை இறக்கியதை ஐ.நா. படையின் ஸ்வீடன் வீரர்கள் தூரத்திலிருந்து பார்த்தார்கள். பார்த்ததை அறிக்கையாகவும் எழுதினார்கள். வாசலுக்கு உள்ளே இருந்தால் பாதுகாப்பு, வெளியே வந்தால் உள்நாட்டு விவகாரம். ஒரு மனிதனின் உயிர் 'தலையிடாமை' என்ற சொல்லின் எல்லைக்கோட்டில் போனது.

பிப்ரவரி 21இல் பாதுகாப்பு அவை மறுபடி கூடி தீர்மானம் 161ஐ எழுதியது. உள்நாட்டுப் போரைத் தடுக்க, கடைசி வழியாக, படைபலம் பயன்படுத்தலாம். அந்நிய ராணுவத்தினரும் அரசியல் ஆலோசகர்களும் கூலிப்படையினரும் வெளியேற்றப்பட வேண்டும். 'கடைசி வழி' எப்போது வரும்? யார் சொல்வது? அதைச் சொல்லக் கட்டாங்காவுக்கு வந்தவர் நிஜமாகவே ஓர் இலக்கிய விமர்சகர். கானர் க்ரூஸ் ஓ'பிரையன், ஐரிஷ்காரர். டோனட் ஓ'டொனல் என்ற புனைபெயரில் 1952இல் 'மரியா கிராஸ்' என்ற விமர்சன நூலை எழுதியவர். கத்தோலிக்க எழுத்தாளர்களின் கற்பனை எப்படி இயங்குகிறது என்று ஆராய்கிற நூல் அது.

1961 ஆகஸ்ட் 28இல் அவர் பொறுப்பில் கூலிப்படையினரைச் சுற்றிவளைத்துப் பிடித்தார்கள். மிச்சப் பேரை நாங்களே அனுப்பிவிடுகிறோம் என்று வெளிநாட்டுத் தூதரகங்கள் சொன்னதும் வேலையை நிறுத்தினார்கள். பலர் போகவில்லை. செப்டம்பர் 13 அதிகாலை இரண்டாவது நடவடிக்கை. அதற்கு இட்ட பெயர் 'மோர்தோர்', முறித்துத் தகர்ப்பது என்ற பொருளில் வரும் இந்திச் சொல். இந்தியப் படைப்பிரிவு முன்னால் நின்றது. கட்டாங்காவின் பிரிவினை முடிந்தது என்று ஓ'பிரையன் பத்திரிகையாளர்களிடம் அறிவித்தார். முடியவில்லை. ஷோம்பே தப்பினார், ஜாடோவில்லில் சுற்றிவளைக்கப்பட்ட ஐரிஷ் கம்பெனி சரணடைந்தது. போர்நிறுத்தம் பேசப் போன ஹாமர்ஷோல்டின் விமானம் செப்டம்பர் 18 நள்ளிரவுக்குப் பின் என்டோலா அருகே விழுந்தது. அவர் இறந்தார்.

இந்த ஒரு நாளைப் பற்றி இரண்டு பிரதிகள் இருக்கின்றன. ஐ.நா. அறிக்கையின்படி அது ஆகஸ்ட் வேலையின் தொடர்ச்சி. வீரர்கள் மேல் சுட்டார்கள், திருப்பிச் சுட்டோம். டிசம்பரில் பதவி விலகிய ஓ'பிரையன் 1962இல் எழுதிய 'கட்டாங்கா சென்று திரும்பியது' என்ற நூலின்படி, பிரிவினையை முடிப்பதுதான் நோக்கம்; அந்த உத்தரவு தனக்கு மேலே இருந்தவர்களிடமிருந்து வந்தது. செயல் ஒன்று. ஒரு பிரதி அதைத் தற்காப்பு என்கிறது, மற்றது அரசியல் என்கிறது. ஓ'பிரையன் செய்த குற்றம் என்ன என்று கேட்டால், சண்டை போட்டது அல்ல. உரையில் சொல்ல வேண்டியதைச் சூத்திரமே சொல்கிறது என்று ஊரறியச் சொன்னதுதான். நவம்பர் 24இன் தீர்மானம் 169 பிரிவினையை வெளிப்படையாகக் கண்டித்து, கூலிப்படையினரை வெளியேற்றப் படைபலத்துக்கு இன்னும் தாராளமாக இடம் கொடுத்தது. 1963 ஜனவரியில் ஐ.நா. படையே கட்டாங்காவை முடித்துவைத்தது. 1960இல் லுமும்பா வாசித்த வாசிப்பு கடைசியில் அதிகாரபூர்வ வாசிப்பாயிற்று. வாசித்தவர் இல்லை.

அப்படியானால் எல்லா வாசிப்பும் ஒன்றுதான், எல்லாம் அதிகாரம்தான் என்று கைகழுவிவிடலாமா? கூடாது. கார்டியரும் தயாளும் ஒரே தீர்மானத்தின் கீழ்தான் வேலை பார்த்தார்கள். ஒருவர் வாசிப்பு நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை உள்ளவரின் வாயை அடைத்தது. மற்றவர் வாசிப்பு அவர் உயிரைச் சில வாரங்களாவது காத்தது. பிரதி திறந்துகிடக்கிறது என்பதால் வாசகனுக்குப் பொறுப்பு குறைவதில்லை, கூடுகிறது. நடுநிலை என்பதை ஏற்கெனவே இருக்கிற ஓர் இடமாக எண்ணிப் போய் உட்கார்ந்துகொள்கிறவர்தான் ஆபத்தானவர். தான் ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கிறோம், அதன் பலன் இன்னார் தலையில் விடியும் என்று தெரிந்து தேர்ந்தெடுக்கிறவரிடம் குறைந்தபட்சம் கணக்குக் கேட்கலாம்.

இன்னொன்றும் உண்டு. இந்த உரையாசிரியர்களில் அமெரிக்கர் இருக்கிறார், இந்தியர் இருக்கிறார், ஐரிஷ்காரர் இருக்கிறார். காங்கோக்காரர் ஒருவரும் இல்லை. யாருடைய நாட்டைப் பற்றிய சூத்திரமோ, அவர்களுக்கு உரை எழுதும் உரிமை இல்லை. உரை எழுத முயன்ற ஒருவருடைய உடலில் மிஞ்சியது ஒரு பல்; அதை பெல்ஜியம் 2022 ஜூனில்தான் குடும்பத்திடம் திருப்பிக் கொடுத்தது. இன்று எந்த நாட்டுக்கு எந்தப் படை கிளம்பினாலும், தீர்மானத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு நிறுத்தாமல், அதை யார் வாசிக்கப்போகிறார், அந்த ஊர்க்காரர் மறுத்து வாசிக்க வழி உண்டா என்று கேட்க வேண்டியிருக்கிறது.